சிங்கப்பூரில் குடியேறும் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு

சிங்கப்பூரில் குடியேறும் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு என்பது, தொழில் நிமித்தம் பிற நாடுகளில் இருந்து சிங்கப்பூருக்குச் சென்று வாழும் குடும்பங்கள் உறைவிடம், உணவு, கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவற்றுக்காகச் செலவிடும் தொகையைக் குறிக்கும். உலகின் செலவு மிகுந்த நகரங்களுள் ஒன்றாகச் சிங்கப்பூர் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. எனினும் அங்கு ஒரு குடும்பத்திற்கு ஆகும் செலவு கடைவிலைகளைக் காட்டிலும் அக்குடும்பத்தின் குடிநிலையையே பெரிதும் சார்ந்துள்ளது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதி பெற்றுத் தங்கியுள்ள வெளிநாட்டினர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் வீடு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் விலை வெவ்வேறாக இருப்பதே இதற்குக் காரணமாகும்.

அளவீடுகள்

நாடுகளுக்கிடையே விலைகளை ஒப்பிடுவதற்குப் பல சுட்டெண்கள் பயன்படுகின்றன. இவற்றுள் எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட், மெர்சர் ஆகிய நிறுவனங்கள் வெளியிடும் நகரப் பட்டியல்கள் பரவலாக அறியப்பட்டவை. இவ்விரண்டும் நியூயார்க் நகரை அடிப்படையாகக் கொண்டு பிற நகரங்களை மதிப்பிடுகின்றன. எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்டின் பட்டியலில் 2014 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. 2022 இல் நியூயார்க்குடனும், 2023 இல் சூரிச்சுடனும் அவ்விடத்தைப் பகிர்ந்து கொண்டது.

இப்பட்டியல்களின் நோக்கத்தை அறிந்துகொள்வது அவசியமாகும். ஒரு நிறுவனம் தன் அலுவலரை வேறொரு நகருக்கு அனுப்பும்போது எவ்வளவு படி வழங்க வேண்டும் என்று கணக்கிடுவதற்காகவே இவை முதன்மையாகத் தொகுக்கப்படுகின்றன. எனவே இவற்றில் இடம்பெறும் பொருள்களும் சேவைகளும் அத்தகைய அலுவலரின் வாழ்க்கை முறையை ஒட்டியவை. உள்ளூர்க் குடும்பம் வாங்கும் பொருள்களை அவை முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு, லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த ஆசியப் போட்டித்திறன் ஆய்வுக் கழகம், வெளிநாட்டு அலுவலர்களுக்கும் சாதாரணக் குடியிருப்பாளர்களுக்கும் தனித்தனிச் சுட்டெண்களை உருவாக்கியது. இரண்டாவது பட்டியலில் சிங்கப்பூரின் இடம் முதலாவதில் உள்ளதைக் காட்டிலும் மிகவும் கீழே இருந்தது.

குடும்பத்தை அழைத்து வரும் உரிமை

வெளிநாட்டு ஊழியர் அனைவரும் தம் குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்து வர இயலாது. கட்டுமானம், கப்பல் பட்டறை முதலிய துறைகளில் வொர்க் பர்மிட் எனப்படும் அனுமதியில் பணிபுரிவோருக்கு இவ்வுரிமை இல்லை. தமிழ்நாட்டில் இருந்து செல்லும் தொழிலாளர்களில் பலர் இப்பிரிவினர் ஆவர். இவர்களின் குடும்பங்கள் ஊரில் ஒரு வீட்டையும், அங்கு ஒருவரின் தங்கும் செலவையும் சேர்த்தே தாங்குகின்றன.

எம்பிளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் பெற்றவர், மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான ஊதியம் பெற்றால், தம் வாழ்க்கைத்துணையையும் 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளையும் அழைத்து வர விண்ணப்பிக்கலாம். பெற்றோரை நீண்டகாலம் உடன் தங்கவைக்க 12,000 வெள்ளி ஊதியம் தேவை. ஆகவே பாட்டன், பாட்டியின் துணையோடு குழந்தைகளை வளர்த்து வந்த குடும்பங்கள் பல, அத்துணையின்றியே அங்கு வாழ வேண்டியுள்ளது.

சார்ந்திருப்போருக்கான அனுமதி அட்டையில் வரும் வாழ்க்கைத்துணை வேலைக்குச் செல்ல விரும்பினால், 2021 மே மாதம் முதல் பொதுவாகத் தனியாக ஒரு வேலை அனுமதியைப் பெற வேண்டும். இரு வருமானத்தில் வாழ்ந்த குடும்பம் இதனால் ஒரு வருமானக் குடும்பமாக மாறக்கூடும்.

உறைவிடம்

குடியேறும் குடும்பத்தின் மிகப்பெரிய செலவு பெரும்பாலும் வீட்டு வாடகையே ஆகும். சிங்கப்பூரில் நிலையாக வாழ்வோரில் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர், 1960 இல் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். குடிமக்கள் புதிய வீடுகளை அரசு மானியத்துடன் வாங்கலாம். நிரந்தரவாசிக் குடும்பங்கள் மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின்னர் மறுவிற்பனை வீடுகளை மட்டும் வாங்கலாம். வேலை அனுமதியில் உள்ளவர்கள் இவ்வீடுகளை வாங்க முடியாது, வாடகைக்கு எடுக்கலாம்.

வாடகைக்கு எடுப்பதிலும் வரையறைகள் உள்ளன. ஒரு கட்டடத்திலும் ஒரு குடியிருப்புப் பகுதியிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு முழு வீட்டை வாடகைக்கு விடுவதற்கு 2014 முதல் உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டினர் தனியார் கூட்டுரிமை வீடுகளை வாங்கலாம். ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வீட்டு விலையில் 60 விழுக்காட்டைக் கூடுதல் முத்திரை வரியாக அவர்கள் செலுத்த வேண்டியுள்ளது. எனவே பெரும்பாலோர் வாடகை வீடுகளையே நாடுகின்றனர்.

குடிமகன் மாதந்தோறும் கட்டும் வீட்டுக்கடன் தவணை அவருக்கு ஒரு சொத்தை உருவாக்குகிறது. குடியேறியவர் கட்டும் வாடகையோ ஒப்பந்தம் முடிந்ததும் உயரக்கூடிய செலவாக மட்டுமே நிற்கிறது. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து வசிக்கும் இரு குடும்பங்களின் செலவு வேறுபடுவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

கல்வி

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளின் மாதக் கட்டணம் குடிமக்கள், நிரந்தரவாசிகள், ஆசியான் நாடுகளைச் சேர்ந்த வெளிநாட்டினர், பிற வெளிநாட்டினர் என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கப்பள்ளியில் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சிறு இதரக் கட்டணம் மட்டுமே உண்டு. இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிள்ளைகள் நான்காம் நிலையில், அதாவது மிக உயர்ந்த கட்டண நிலையில் வருகின்றனர்.

கட்டணத்தைக் காட்டிலும் இடம் கிடைப்பதே கடினமானது. 2003 இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் குடிமக்களின் பிள்ளைகளுக்கே பொருந்தும். வெளிநாட்டுப் பிள்ளைகள், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இடம் வழங்கப்பட்ட பின்னர் எஞ்சும் இடங்களிலேயே முதலாம் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் சேர ஆங்கிலமும் கணிதமும் அடங்கிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தொடக்கநிலை ஆறாம் வகுப்பு பொதுத்தேர்வு ஆண்டாக இருப்பதால் அவ்வகுப்பிற்கு இத்தேர்வு நடத்தப்படுவதில்லை. ஆகவே பிள்ளையின் வயது குடியேற்றத் திட்டத்தில் முக்கிய இடம் பெறுகிறது.

இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பன்னாட்டுப் பள்ளிகளும் உள்ளன. சில ஆண்டுகளில் ஊர் திரும்ப எண்ணும் குடும்பங்கள் இவற்றைத் தெரிவு செய்வதுண்டு. இவை தனியார் பள்ளிகள் என்பதால் இரண்டாவது பிள்ளையின் கட்டணத்தையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும்.

உணவும் போக்குவரத்தும்

எல்லாப் பிரிவினருக்கும் ஒரே விலையில் கிடைப்பவற்றுள் பேருந்து, பெருவிரைவு ரயில், உணவங்காடி உணவு ஆகியவை முதன்மையானவை. பெருவிரைவு ரயில் சேவை 1987 இல் தொடங்கியது. குறைந்த விலையில் சமைத்த உணவு கிடைக்கும் உணவங்காடிகளின் பண்பாடு 2020 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தி, வீட்டிலும் உணவங்காடியிலும் உண்ணும் குடும்பத்திற்குச் சிங்கப்பூர் உலகிலேயே மிகச் செலவான நகரம் அன்று.

சொந்த மகிழுந்து வாங்குவோரின் நிலை வேறு. 1990 முதல் புதிய வாகனம் வாங்குவதற்கு 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய மகிழுந்துகளுக்கான சான்றிதழின் விலையே 1,00,000 வெள்ளியைத் தாண்டியது. பன்னாட்டுப் பட்டியல்களில் சிங்கப்பூர் உயர்ந்த இடம் பெறுவதில் மகிழுந்துச் செலவுக்குப் பெரும்பங்கு உண்டு.

பொருள் சேவை வரி 1994 இல் 3 விழுக்காடாக அறிமுகப்படுத்தப்பட்டது. 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ளது. உணவுப் பொருள்களுக்கும் இவ்வரி உண்டு. குடியிருப்பு வாடகைக்கு இல்லை. வரிச்சுமையைக் குறைக்க அரசு வழங்கும் பற்றுச்சீட்டுகள் குடிமக்களுக்கு உரியவை.

வரி, சேமிப்பு, மருத்துவம்

சிங்கப்பூரில் குடியிருப்பாளருக்கான வருமான வரி விகிதங்கள் குறைவானவை. ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. உச்ச விகிதம் 24 விழுக்காடு ஆகும். வரி பொதுவாக மாத ஊதியத்தில் பிடிக்கப்படுவதில்லை. ஆண்டுக்கொரு முறை அறிவிப்பு வருகிறது. இதற்கெனப் பணம் ஒதுக்காத குடும்பங்கள் முதலாண்டு முடிவில் இடர்ப்படுவதுண்டு.

1955 இல் தொடங்கப்பட்ட மத்திய சேம நிதியில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உறுப்பினராகப் பங்களிக்கின்றனர். வேலை அனுமதியில் உள்ளவர் ஊதியத்தை முழுமையாகப் பெறுகிறார் எனினும் முதலாளியின் பங்களிப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு அவரது சொந்தப் பொறுப்பாகும்.

2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் அரசு மருத்துவமனை மானியங்களும் வேலை அனுமதியில் உள்ளவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் கிடைப்பதில்லை. எம்பிளாய்மென்ட் பாஸ் ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கும் சட்டக் கடமை முதலாளிக்கு இல்லை. எனவே காப்புறுதி குடும்பத்தினருக்கும் உண்டா, மகப்பேற்றை உள்ளடக்குமா என்பவற்றை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டறிவது நலம்.

நாணய மாற்றும் உண்மையான சேமிப்பும்

வெளிநாட்டு ஊதியத்தை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்ப்பது பொதுவான வழக்கமாகும். இது வருமானத்தை மட்டும் ஊர்ப்பணத்திற்கு மாற்றி, செலவை மாற்றாமல் விடுவதால் தவறான முடிவைத் தருகிறது. இதனைக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றின் மூலம் விளக்கலாம்.

ஊரில் மாதம் 1,00,000 ரூபாய் கையில் பெறும் ஒருவர் 60,000 ரூபாய் செலவிட்டு 40,000 ரூபாய் சேமிக்கிறார் எனக் கொள்வோம். அவருக்குச் சிங்கப்பூரில் 7,000 வெள்ளி ஊதியம் கிடைக்கிறது. ஒரு வெள்ளி 60 ரூபாய் என்றால் இது 4,20,000 ரூபாய். அதாவது முந்தைய ஊதியத்தைப் போல் 4.2 மடங்கு. வாடகை 3,000, உணவும் வீட்டுச் செலவும் 1,200, ஒரு பிள்ளையின் கல்வியும் போக்குவரத்தும் 1,200, மருத்துவம் 200, வரிக்கான ஒதுக்கீடு 300 என்றால் மொத்தச் செலவு 5,900 வெள்ளி. எஞ்சுவது 1,100 வெள்ளி, அதாவது 66,000 ரூபாய். ஊதியம் 4.2 மடங்கானாலும் சேமிப்பு 1.65 மடங்கே ஆகிறது. அவரது துணைவி ஊரில் மாதம் 30,000 ரூபாய் ஈட்டி அதனைச் சேமித்து வந்து, சிங்கப்பூரில் வேலை பெறவில்லை எனில், குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு 70,000 ரூபாயில் இருந்து 66,000 ரூபாயாகக் குறைந்து விடுகிறது.

வாழ்க்கைத் தரம்

செலவுக் கணக்கில் அடங்காத பயன்களும் உண்டு. மெர்சர் நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு வாழ்க்கைத் தரப் பட்டியலில் சிங்கப்பூர் 25 ஆம் இடத்தைப் பெற்றது. இது ஆசிய நகரங்களுள் மிக உயர்ந்த இடமாகும். பாதுகாப்பான தெருக்கள், நேரம் தவறாத போக்குவரத்து, தூய குடிநீர், பொது நூலகங்கள் ஆகியவை குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படுபவை. தமிழ் அங்கு நான்கு அதிகாரப்பூர்வ மொழிகளுள் ஒன்று. அரசுப் பள்ளியில் சேரும் பிள்ளை தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்கலாம். தீபாவளி பொது விடுமுறை நாள் ஆகும். இவை பிற வெளிநாட்டு நகரங்களில் தமிழ்க் குடும்பங்களுக்கு எளிதில் கிடைக்காதவை.

மறுபுறம், வேலை அனுமதியில் வாழ்வதில் நிலையின்மை உள்ளது. வேலை முடிவுற்று அனுமதி நீக்கப்பட்டால், அதனைச் சார்ந்த குடும்பத்தினரின் அனுமதியும் முடிவுறும். வேறு வேலை தேடவோ நாடு திரும்பவோ பொதுவாக 30 நாட்களே கிடைக்கும். அதற்குள் வீட்டு ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, வரி நிலுவை ஆகிய அனைத்தையும் முடிக்க வேண்டும். சில மாதங்களுக்கான செலவுத்தொகையைக் கையிருப்பாக வைத்திருப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

நிரந்தரவாசமும் தேசிய சேவையும்

நிரந்தரவாசம் கிடைத்தால் பள்ளிக் கட்டணம் குறைகிறது. மறுவிற்பனை வீடு வாங்கும் வாய்ப்பும், மத்திய சேம நிதியில் முதலாளியின் பங்களிப்பும் கிடைக்கின்றன. ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைகள் 1967 முதல் நடைமுறையில் உள்ள தேசிய சேவையை நிறைவேற்றும் கடமைக்கு உள்ளாகின்றனர். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். அதனைச் செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறப்பவர், பிற்காலத்தில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவருக்குப் பாதகமாக அமையும். குறைந்த கட்டணத்திற்காகப் பெற்றோர் இன்று எடுக்கும் முடிவு, மகனின் பதினெட்டாம் வயதில் அவனைச் சேரும் கடமையாகிறது. எனவே நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்கும்போது செலவுக் குறைப்புடன் இக்கடமையையும் சேர்த்தே எடைபோட வேண்டியுள்ளது.