பள்ளிக்கூடத்துக்கு வந்த சீர்

கல்யாண வீட்டுக்குச் சீர் போகும் காட்சியைக் காணாதவர் நம் நேயர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். முன்னால் நாகஸ்வரமும் தவுலும் முழங்கிக்கொண்டு போகும். பின்னால் தாம்பாளங்களை ஏந்திய பெண்மணிகள் வருவார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு, புடவை என்று தட்டுக்குத் தட்டு கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த வரிசையின் நடுவே ஒருவர் சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தால்? இன்னொருவர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தால்? அவர்களுக்குப் பின்னால் சரக்கு ஆட்டோவில் ஓர் இரும்பு பீரோ ஆடி அசைந்து வந்தால்? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மாள், "யார் வீட்டுப் பெண்ணுக்கடா இத்தனை சீர்?" என்று கேட்கத்தானே செய்வாள்!

பெண்ணுக்கு அல்ல. சீர் போகும் இடம் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம்.

இதற்குக் "கல்விச் சீர்" என்று பெயர். சில வருஷங்களாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில், முக்கியமாகப் புதுக்கோட்டைச் சீமையில், இந்த வழக்கம் பரவி வந்திருக்கிறது. பெற்றோரும் ஊராரும் கூடிப் பேசி, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கி, மேளதாளத்துடன் ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உபாத்தியாயர்கள் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்கிறார்கள். நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் 2023-ஆம் வருஷம் குடியரசு தினத்தன்று அப்படி ஒரு சீர் வந்தது. நம்முடையது சிறிய பள்ளிக்கூடம். குழந்தைகள் 38 பேர், உபாத்தியாயர்கள் இருவர். அன்று வந்த தட்டுக்களோ அறுபதுக்குக் குறையா.

இதை ஏன் "நன்கொடை" என்று சொல்லாமல் "சீர்" என்று சொன்னார்கள்? முதலில் இந்தச் சொல்லை யார் உபயோகித்தாரோ, அவருக்கு நம் நமஸ்காரம். நன்கொடை கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். சீர் கொண்டுவரும் தாய்மாமன் அப்படிப் போக மாட்டான். பந்தலில் முன்னால் உட்காருவான், "எங்கள் பெண்ணை எப்படி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பான். அப்படிக் கேட்பது அவனுடைய உரிமை. சீர் கொண்டுவந்த ஊருக்கும் அதே உரிமை உண்டு. இந்த உரிமையைப் பற்றித்தான் நேயர்களிடம் இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறோம். சீரின் விலையைப் பற்றி அல்ல.

ஊரார் பள்ளிக்கூடத்தைத் தாங்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த காசிலும் தானியத்திலுமே நடந்தன. நவராத்திரி சமயத்தில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு உபாத்தியாயருடன் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் சக்திக்கேற்ற சம்மானம் கொடுப்பார்கள். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகக் காண்கிறது. உபாத்தியாயர்களுக்குப் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லை என்றும், தகுதியுள்ளவர்களை இழுக்க அது போதாது என்றும் அவர் எழுதிவைத்தார். மன்றோ துரையிடம் நமக்கு எத்தனையோ விஷயங்களில் அபிப்பிராய பேதம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூரண சம்மதம்.

ஆனால் அந்தத் திண்ணைகளில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. கொடுக்க முடிந்தவன் வீட்டுப் பிள்ளை திண்ணையில். முடியாதவன் வீட்டுப் பிள்ளை மாட்டின் பின்னால். ஊரார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் இருக்கும் அபாயம் இதுதான்.

அந்த அபாயத்தைத் தெரிந்துகொண்டு, ஊராரின் கையையும் சர்க்காரின் கையையும் சேர்த்துப் பிடிக்க முயன்ற ஒரு காலம் தமிழ்நாட்டில் உண்டு. காமராஜர் முதன் மந்திரியாக இருந்தபோது, 1956-ல் எட்டயபுரத்தில் மத்தியான உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. அப்போது அது ஊரார் தர்மத்தை நம்பியே நடந்தது. பல ஊர்களில் சமையலறையில் ஒரு கலயம் வைத்து, உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை அதில் எடுத்துப் போட்டார்கள். அந்தப் பிடி அரிசி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. 1957-ல் சர்க்கார் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை ஏற்றுக்கொண்டது. மீதி நாற்பது ஊரார் பொறுப்பு. மறு வருஷம், கல்வி இலாகாவின் டைரக்டராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால், செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதன் பிறகு ஜில்லா ஜில்லாவாக மாநாடுகள் நடந்தன. முறை மிகவும் எளிது. உபாத்தியாயர்களும் ஊராரும் உட்கார்ந்து தங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன குறை என்று ஜாபிதா எழுதுவார்கள். ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு, ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு, ஒருவர் குழந்தைகளுக்குச் சட்டைத் துணி என்று ஏற்றுக்கொள்வார்கள். பிறகு எல்லாரும் ஓரிடத்தில் கூடி, செய்ததைச் சொல்வார்கள். இன்றைய கல்விச் சீர் அந்த மாநாட்டின் பேரப்பிள்ளை என்பது நம் எண்ணம்.

பின்னால், 1982 ஜூலையில் எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சாப்பாடு முழுவதும் சர்க்கார் பொறுப்பாயிற்று. அதில் நமக்கு வருத்தம் இல்லை. ஒரு குழந்தையின் பசி பக்கத்து வீட்டுக் கலயத்தையும் அந்த வருஷத்து மழையையும் நம்பியிருப்பது தர்மமன்று. ஆனால் கலயத்தோடு வேறொன்றும் போய்விட்டது. "நம்ம பள்ளிக்கூடம்" என்ற பேச்சு மறைந்து "கவர்மெண்டுப் பள்ளிக்கூடம்" என்ற பேச்சு வந்தது. காலையில் மஞ்சள் வண்டி வந்து நிற்கும்போது கொஞ்சம் வசதியுள்ளவர்கள் குழந்தைகளை அதில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இல்லாதவர்களின் குழந்தைகள் நம்மிடம் வந்தார்கள். அவர்களுடைய பெற்றோரோ வாசற்படி ஏறிக் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டார்கள்.

இனி நாம் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

2019-ல் நம் பள்ளிக்கூடத்துச் சுவர்கள் மழையில் பச்சை பூத்துக் கிடந்தன. வர்ணம் அடிக்கப் பணம் இல்லை. வீட்டுக்கு 300 ரூபாய் என்று நாம் ஒரு கணக்குப் போட்டோம். கட்டாயம் இல்லை என்று சொல்லத்தான் சொன்னோம். ஆனால் ஊக்கம் உண்டாக்கும் பொருட்டு, வாசலிலிருந்த கரும்பலகையில் வீட்டுப் பெயர்களை எழுதி, கொடுத்தவர் பெயருக்கு நேரே தொகையையும், கொடாதவர் பெயருக்கு நேரே ஒரு கோட்டையும் போட்டோம். பணம் மளமளவென்று வந்தது. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாளாக வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று நினைத்து நாலாம் நாள் அவன் வீட்டுக்குப் போனோம். பையன் நன்றாகத்தான் இருந்தான்; நம்மைக் கண்டதும் கொல்லைப்புறம் ஓடிவிட்டான். அவன் தாயார் அப்போதுதான் களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையே?" என்று கேட்டோம்.

"நான் போகச் சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். பலகையில எங்க பேருக்கு நேரே கோடு போட்டிருக்கீங்களாமே? வாசல்ல நிக்குற அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வர அவனுக்கு வெக்கமா இருக்காம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வந்து பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மறுநாள் பையன் வந்தான். ஆனால் சுவரின் புது வர்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தை நாம் படிக்காதவர் அல்ல. ஆரம்பக் கல்வியை முடிப்பதற்குத் தடையாக எந்தக் கட்டணமும் எந்தக் குழந்தையிடமும் இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று வேண்டும், அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பள்ளிக்கூடத்திலும் குழு இருந்தது. எங்கே இருந்தது என்றால், நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. மாதம் தவறாமல் கையெழுத்துக்களும் அதில் இருந்தன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத நமக்குத் தைரியம் போதவில்லை.

2022-ல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேர் கொண்ட குழு. அவர்களுள் 15 பேர் பெற்றோர். நம் ஊரில் அன்று ஜமக்காளத்தை விரித்துவிட்டு, யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். அவர்களுள் அந்தத் தாயாரும் ஒருத்தி. பையன் இதற்குள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய தங்கை நம்மிடம் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவளைக் குழுவில் ஓர் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது கூட்டம் வரையில் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் நாம் ஆண்டு விழாவைப் பற்றியும், மேடைக்குத் துணிப்பந்தல் போடுவதைப் பற்றியும் விஸ்தாரமாகப் பேசி முடித்த பிறகு எழுந்து நின்றாள்.

"சார், விழா நடக்கட்டும். கக்கூஸில தண்ணி வரல்லையே, அதுக்கு என்ன வழி? பொம்பளப் புள்ளைங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம இருக்குதுங்க. குடிச்சா அங்கே போகணுமேன்னு பயம். எம் பொண்ணு வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் பையைக் கழட்டுறா. உங்களுக்குத் தெரியுமா?"

நமக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். குழந்தைகளின் வாய்ப்பாடு தெரியும், கையெழுத்துத் தெரியும், எந்தக் குழந்தைக்குப் பல் விழுந்தது என்றுகூடத் தெரியும். இது தெரியாது. அங்கிருந்த மற்றத் தாய்மார்களைப் பார்த்தோம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது! சொல்வதற்கு இடம்தான் இல்லாதிருந்தது. முந்நூறு ரூபாய் கொடுத்த ஒருவரும் இதைச் சொல்லவில்லை; ஒரு காசும் கொடுக்காதவள் சொன்னாள்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. மோட்டார் எரிந்துபோயிருந்தது. ஒரு குழந்தையின் தகப்பனார் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். கூலி வாங்காமல் பழுது பார்த்தார். கொத்து வேலை தெரிந்த இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தரையைப் பூசினார்கள். செலவு மொத்தம் 4,150 ரூபாய். துணிப்பந்தலுக்கு வைத்திருந்த பணத்தில் அது முடிந்தது. ஆண்டு விழா வேப்ப மரத்து நிழலில் நடந்தது. ஆட்டமும் பாட்டும் வழக்கத்துக்குக் குறைவில்லை.

கல்விச் சீர் வந்தது அந்த வருஷத்தில்தான். யார் என்ன கொடுத்தார்கள் என்று பலகையில் எழுதுவதில்லை என்று குழு முன்கூட்டியே தீர்மானித்தது. என்ன வந்தது, எவ்வளவு பணம், எதற்குச் செலவாயிற்று என்பது மட்டும் எழுதப்படும். இதனால் ஒரு சிறு சங்கடமும் ஏற்பட்டது. மின்விசிறி கொடுத்த பெரியவர் ஒருவர் தம் தகப்பனார் பெயரால் "உபயம்" என்று எழுதியே தீர வேண்டும் என்றார். நம் ஊரில் குழல் விளக்குக் கொடுப்பவர்கள் வெளிச்சமே வராதபடி அதன்மேல் பெயர் எழுதி வைப்பதை நேயர்கள் கோவில்களில் கண்டிருப்பார்கள். விசிறியின் மூன்று இறக்கையிலும் எழுதச் சொன்னார். குழுவின் தலைவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். எழுதினோம். விசிறி சுழலும்போது படிக்க முடியாது. மின்சாரம் நின்றால் நன்றாகப் படிக்கலாம்.

சீர் வரிசையில் அந்தத் தாயாரும் வந்தாள். அவள் தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், மஞ்சள் பூசிய ஒரு சிவப்பு வாளி, அதற்குள் ஒரு குவளை. சந்தனம் கொடுத்து வாங்கிக்கொண்டோம். அதை எங்கே வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது கூட்டங்களில் அவளைக் கண்டால் நமக்குச் சற்றுப் பயம்தான். சென்ற கூட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டு முட்டையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல அடுத்த கூட்டம் வரையில் அவகாசம் வாங்கியிருக்கிறோம்.