ரதன்ஜோத் என்னும் காட்டாமணக்கு

காட்டாமணக்கு நம்மில் பலருக்குத் தெரிந்த செடி. ஊரில் வேலியோரத்தில் காம்பை ஒடித்து, வடியும் பாலில் குமிழி ஊதியிருப்போம். "கொட்டையைத் தின்னாதே" என்று ஒரு பாட்டி அதட்டியும் இருப்பார். இங்கே வளரும் நம் குழந்தைகளை அப்படி அதட்ட ஆளில்லை. செடி மட்டும் இருக்கிறது. இந்திக்காரர்கள் ரதன்ஜோத் என்பார்கள். (காஷ்மீரிச் சமையலில் சிவப்பு நிறத்துக்குப் போடும் ரதன்ஜோத் வேர் வேறு செடியினுடையது.)

இது பரவியதில் எங்கள் ரயில்வேக்கும் பங்கு உண்டு. 2002 டிசம்பர் 31 அன்று டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலந்து டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தியை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு தண்டவாளத்தை ஒட்டிய காலி நிலங்களில் காட்டாமணக்கு நட்டார்கள். எதிர்பார்த்த விளைச்சல் இல்லை, உற்சாகம் அடங்கிவிட்டது.

பழம் மஞ்சளாகிக் காய்ந்து கறுக்கும். உள்ளே இரண்டு மூன்று கறுப்புக் கொட்டைகள் இருக்கும். பருப்பு வேர்க்கடலை போல ருசிக்கும். ஆபத்தே அந்த ருசிதான்; கசந்தால் குழந்தை துப்பிவிடுமே! கர்சின் என்ற புரதமும், எண்ணெயில் கரைந்துள்ள ஃபோர்பால் எஸ்டர்களும் வயிற்றையும் குடலையும் அரிக்கின்றன. ஃபோர்பால் எஸ்டர் சூட்டுக்கு எளிதில் அழியாது. ஆகவே வறுத்துத் தின்றாலும் விஷம்தான்.

அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, விடாத வாந்தி, பேதி தொடங்கும். இரண்டு மூன்று கொட்டையே சிறு பிள்ளையைப் படுக்கவைக்கப் போதும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதிக் கொட்டையும் ஓர் இலையும் கையோடு போகட்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போன சாப்பாடு என்றே டாக்டர் நினைக்கக்கூடும்.

இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சில சமயம் கரித்தூள் மருந்து கொடுப்பார்கள். முக்கியமான சிகிச்சை, இழந்த நீரையும் உப்பையும் சலைன் ஏற்றி ஈடுகட்டுவதுதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் குணமாகிவிடும். டெல்லி எய்ம்ஸில் 1995-ல் தொடங்கிய தேசிய விஷத் தகவல் மையத்தை டாக்டர்கள் இரவிலும் கலந்து பேசலாம்.

மஞ்சள் அரளி, அதாவது பீலி கனேர், இன்னும் பொல்லாதது. சிவபூஜைக்காகப் பலர் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதன் விதை இதயத் துடிப்பையே குலைக்கும். சிலருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் வைக்க நேரிடும். அதைத் தின்ற பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக்கூடாது, ஈ.சி.ஜி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போகவேண்டும்.