ஃபைல் எங்கே போச்சு? முதல்ல ஃபோல்டரைத் திறங்க!

"வருமானச் சான்றிதழை டவுன்லோட் பண்ணிட்டேன், ஆனா எங்கே போச்சுன்னு தெரியல." உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் இப்படித் தவிப்பவர்கள் பலர். இன்னொரு சிக்கலும் உண்டு. தேடினால் போன வருஷத்துச் சான்றிதழும் சேர்ந்தே வரும். அவசரத்தில் அதைப் பதிவேற்றிவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இதற்கு எளிய வழி, தேடும் இடத்தை முதலில் சுருக்கிக்கொள்வதுதான்.

விண்டோஸ் 11 கணினியில் 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' திறந்து, 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரை கிளிக் செய்யுங்கள். மேலே வலப்பக்கம் உள்ள தேடல் பெட்டியில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்த ஃபோல்டரிலும் அதற்குள் உள்ள ஃபோல்டர்களிலும் மட்டுமே கணினி தேடும். 'திஸ் பிசி'யில் தேடினால் எல்லா டிரைவையும் துழாவும், நேரம் பிடிக்கும்.

பெயரே ஞாபகம் இல்லையா? நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகள் – இவற்றை இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்க. பிடிஎஃப் ஃபைல்கள் மட்டும் வரும்.

தேடியதும் மேலே 'சர்ச் ஆப்ஷன்ஸ்' பட்டன் தோன்றும். அதில்:

• கரண்ட் ஃபோல்டர்: திறந்துள்ள ஃபோல்டரில் மட்டும் தேடும்.
• ஆல் சப்ஃபோல்டர்ஸ்: உள்ளே இருக்கும் ஃபோல்டர்களிலும் தேடும்.
• டேட் மாடிஃபைடு: இன்று, நேற்று, இந்த வாரம் எனத் தேதிப்படி வடிகட்டும். பழைய சான்றிதழ் ஒதுங்கிவிடும்.

'டி' டிரைவில் தேடல் மெதுவாக நடக்கிறதா? புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டுமே விண்டோஸ் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கும். அடிக்கடி தேடும் ஃபோல்டரை, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் உள்ள தேடல் அமைப்புகளுக்குப் போய் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஆண்ட்ராய்டு போனிலும் இதே வழிதான். பிரவுசரில் இறக்கியது 'டவுன்லோட்' ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தது 'வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும்.

பதிவேற்றும் முன் ஃபைலைத் திறந்து, பெயரையும் வழங்கிய தேதியையும் ஒருமுறை பாருங்கள். பிரவுசிங் சென்டர் கணினி என்றால், வேலை முடிந்ததும் ஃபைலை அழித்து, 'ரீசைக்கிள் பின்'னில் இருந்தும் நீக்கிவிட்டு எழுந்திருங்க. உங்கள் சான்றிதழ் அடுத்தவர் தேடலில் வரக் கூடாது அல்லவா?