ஆட்டக்களமும் அரசியல் தலைமையும்: நியூசிலாந்தின் 1981ஆம் ஆண்டு அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

விளையாட்டைப் பற்றி எழுதுவது எமது ஆய்வுலகில் இன்னும் ஓரளவு கூச்சத்துக்குரிய காரியமாகவே இருந்து வருகிறது. நாட்டார் பாடலையும் கூத்தையும் சினிமாவையுங்கூட ஆய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொண்டுவிட்ட நாம், பல்லாயிரவரை மைதானத்துக்கு ஈர்க்கும் ஆட்டங்களை மாத்திரம் மக்களை மயக்கும் அபினியென ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். மார்க்சியவாதிகளுள் இதற்கு விதிவிலக்காக நின்றவர் திரினிடாட்டைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ். கிரிக்கெற் பற்றி அவர் 1963இல் வெளியிட்ட நூல், ஆட்ட இரசனையும் காலனித்துவ எதிர்ப்புணர்வும் ஒரே மனிதனுள் எவ்வாறு பிணைந்து கிடக்கலாம் என்பதைக் காட்டிற்று. நெருக்கடி வேளையில் ஒரு மக்கட் கூட்டம் தன் அரசியல் தலைமையை எவ்வளவுகோலால் அளக்கின்றது, அவ்வளவுகோல் எங்கிருந்து பெறப்படுகின்றது என்னும் வினாவை ஆராய்வதற்கு, நியூசிலாந்து றக்பி இரசிகர்களின் வரலாற்றிலும் பார்க்கத் தெளிவானதொரு சான்று கிடைத்தல் அரிது.

அக்காலத்து நியூசிலாந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்களைக் கொண்ட சிறு நாடு. இறைச்சியையும் வெண்ணெயையும் கம்பளியையும் பிரித்தானியாவுக்கு விற்று வாழ்ந்த அதன் பொருளாதாரம், 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்ததோடும் அதனைத் தொடர்ந்த எண்ணெய் விலையேற்றத்தோடும் ஆட்டங்கண்டது. பணவீக்கமும் வேலையின்மையும் பெருகின. உலக அரங்கில் அந்நாட்டுக்குப் பெயர் தேடித் தந்த ஒரு சில விடயங்களுள் ஓல் பிளாக்ஸ் எனப்படும் அதன் றக்பி அணியே முதன்மையானது. வெள்ளையர் ஆதிக்கத்தின் சின்னமாய் விளங்கிய தென்னாபிரிக்க ஸ்பிறிங்பொக் அணியை வெல்வதே அவ்வணியின் தகுதிக்கு உரைகல்லாகக் கருதப்பட்டது. எனவே இன ஒதுக்கல் பற்றிய சர்வதேசப் பிரச்சினை, கிராமத்துக் கழகங்கள் வரை ஊடுருவிய ஓர் உள்நாட்டுப் பிரச்சினையாயிற்று. தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் அணியில் மாவோரி ஆட்டக்காரரைச் சேர்க்காமையை எதிர்த்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட பின்னரும், 1960இல் வெள்ளையர் மாத்திரமே அனுப்பப்பட்டனர். 1970இல் மாவோரியர் சென்றபோது அவர்களுக்கு அங்கு அளிக்கப்பட்ட தகுதி 'கௌரவ வெள்ளையர்' என்பதாகும். ஒருவனை இழிவுபடுத்துவதற்கு இதனிலும் நயமான தொடரை எந்த மொழியும் உருவாக்கியிராது.

இந்நாட்டின் இரு பிரதமர்களை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. தொழிற் கட்சியின் நோர்மன் கேர்க், 1972ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஸ்பிறிங்பொக் அணியின் வருகையிற் தலையிடமாட்டேன் என வாக்களித்தவர். பதவியேற்ற பின்னர், நாட்டில் மூளக்கூடிய வன்செயல் பற்றிப் பொலிசார் எச்சரித்ததாலும், கிறைஸ்ற்சேர்ச்சில் 1974இல் நடைபெறவிருந்த பொதுநலவாய விளையாட்டுக்கள் குலைந்துபோகும் நிலை தோன்றியதாலும், 1973 ஏப்பிரலில் அப்பயணத்தை நிறுத்தினார். கொடுத்த வாக்கை மீறினார் என்பது உண்மையே. அம்மீறல் அவரது தலைமைத்துவத்தின் சிறப்பா இழுக்கா என்பதில் நாடு பிளவுபட்டது. கேர்க் 1974இல் மறைந்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில், விளையாட்டில் அரசு தலையிடாது என முழங்கிய தேசியக் கட்சித் தலைவர் றொபேட் மல்டூன் பெருவெற்றி பெற்றார்.

மல்டூன் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, சொவெற்றோவில் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே யூன் மாத இறுதியில், ஓல் பிளாக்ஸ் தென்னாபிரிக்க மண்ணில் ஆடத் தொடங்கினர். அதன் விளைவாக இருபதுக்கு மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கைப் பகிஷ்கரித்தன. 1977இல் பொதுநலவாயத் தலைவர்கள் கிளெனீகிள்ஸ் உடன்படிக்கை மூலம் இன ஒதுக்கல் அரசுடனான விளையாட்டுத் தொடர்புகளைத் தடுக்க உறுதிபூண்டனர். மல்டூனும் அதனை ஏற்றவரே. (இவ்விடயம் எமக்கும் தூரமானதன்று. 1982இல் இலங்கையிலிருந்து தென்னாபிரிக்கா சென்று கிரிக்கெற் ஆடியோர் இருபத்தைந்து ஆண்டுத் தடைக்கு உள்ளாயினர்.) ஆயினும் 1981இல் ஸ்பிறிங்பொக் அணி மீண்டும் அழைக்கப்பட்டபோது, றக்பிச் சங்கம் தனியார் அமைப்பு, சுதந்திர நாட்டில் அதன் விருந்தினரை அரசு தடுக்கவியலாது என மல்டூன் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கி நிற்பதாகக் கூறிய அரசே மைதானங்களைச் சுற்றி முட்கம்பி இட்டது. கலகமடக்கும் பொலிசாரைக் குவித்ததும் அவ்வரசே.

அந்த 56 நாட்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருநூற்றுக்கும் அதிகமான ஆர்ப்பாட்டங்களிற் பங்குபற்றினர். ஏறத்தாழ 1500 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. யூலை 25ஆந் திகதி ஹமில்ற்றன் மைதானத்தின் வேலியை உடைத்துக்கொண்டு சில நூற்றுவர் ஆடுகளத்தின் நடுவே கைகோத்து நின்றனர். ஆட்டம் கைவிடப்பட்டது. நேரடி ஒளிபரப்பைக் காணக் காத்திருந்த தென்னாபிரிக்க வெள்ளையர், ஆட்டத்துக்குப் பதிலாகத் தமது அரசுக்கு எதிரான மறியலைக் கண்டனர். அச்செய்தி றொபன் தீவுச் சிறையில் இருந்தோருக்கு ஊட்டிய உற்சாகத்தை மண்டேலா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். மைதானத்தில் இருந்த இரசிகர்களோ வெளியேறிய ஆர்ப்பாட்டக்காரரைத் தாக்கினர். நான்கு நாட்களின் பின் வெலிங்ரனில் ஊர்வலத்தினர் மீது பொலிசாரின் குண்டாந்தடிகள் வீழ்ந்தன. செப்ரெம்பர் 12இல் ஒக்லாந்தில் நடந்த இறுதிப் போட்டியின்போது சிறு விமானமொன்று தாழப் பறந்து மாப் பொட்டலங்களை வீசியது. அதனை ஓட்டியவரின் முதற்பெயர் மார்க்ஸ் என்பது தற்செயலே. பொட்டலமொன்று வீரர் ஒருவரை வீழ்த்தியும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசிக் கணத்துத் தண்ட உதையால் நியூசிலாந்து 25க்கு 22 என வென்றது.

இரண்டரை மாதங்களின் பின் நடந்த தேர்தலில் தேசியக் கட்சி 47 ஆசனங்களைப் பெற்று, ஒரேயொரு மேலதிக ஆசனத்தால் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. மொத்த வாக்குகளில் தொழிற் கட்சியே சற்று முந்தி நின்றது. றக்பிப் பற்று மிகுந்த மாகாணத் தொகுதிகளைத் தேசியக் கட்சி இழக்காமைக்கு இச்சுற்றுப்பயணமும் ஒரு காரணம் என்பர் பலர். விலைவாசியும் வேலையின்மையும் பற்றிய கேள்விகளைக் காட்டிலும், மல்டூன் 'பணியவில்லை' என்பதே அங்கு எடைபோடப்பட்டது. எமது வீரயுகப் பாடல்களில் மன்னன் எதற்காகப் போரிட்டான் என்பது பெரும்பாலும் வினாவாவதில்லை. புறமுதுகிட்டானா இல்லையா என்பதே வினா. ஆட்டக்களத்திலும் அணித்தலைவன் அவ்வாறே அளக்கப்படுகிறான். ஆனால் ஆட்டத்தின் நோக்கம் முன்னரே வகுக்கப்பட்டது. அதனைப் பற்றி அணித்தலைவனிடம் எவரும் விளக்கம் கோருவதில்லை. அரசியல் தலைமையிடம் முதற்கண் கோரப்பட வேண்டியது அந்நோக்கம் பற்றிய விளக்கமே. மல்டூனின் சாதுரியம், இரண்டாவது கேள்வி எழாதவாறு முதலாவதை இடையறாது ஒலிக்கச் செய்தமையாகும்.

இவ்வளவுகோல் பிற்போக்காளருக்கே உரியதென எண்ணுதலும் தவறு. 1995 யூனில் ஜொகான்னஸ்பேர்க் நகரில் மண்டேலா ஸ்பிறிங்பொக் சட்டையணிந்து தோன்றி, உலகக் கிண்ணத்தை வழங்கியபோது உலக முற்போக்காளர் பலரும் கண்கலங்கினர். அக்காட்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சுரங்கமும் நிலமும் எவர் வசம் இருந்தன என்னும் கணக்கை அச்சட்டையைக் கொண்டு தீர்க்க முடியவில்லை என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின.

இனி ஆர்ப்பாட்ட இயக்கத்தின் குறைபாட்டையும் கூறவேண்டும். தொழிற்சங்கத் தலைமைகள் சுற்றுப்பயணத்தை எதிர்த்தன. மதகுருமார், மாணவர், ஆசிரியர் வீதியில் இறங்கினர். ஆனால் இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை மைதானத்துக்குச் செல்லும் தொழிலாளியை 'மூடன்' என ஏளனஞ் செய்த குரலும் அவ்வியக்கத்தினுள் ஒலித்தது. அவனுக்கு அவ்வாட்டம் வார இறுதிப் பொழுதுபோக்கு மாத்திரமன்று. முதலாளியின் கண்ணுக்கு அப்பால் அவன் மதிக்கப்பட்ட ஒரே இடமும் அதுவே. அதனைப் பறிக்க வந்தோராகவே அவன் எம்மவரைக் கண்டான். மாவோரி மக்கள் வேறொரு கேள்வியை எழுப்பினர். ஒக்லாந்தில் பஸ்ரியன் முனை நிலத்துக்காக 506 நாட்கள் போராடியோர் 1978இல் பொலிசாரால் அகற்றப்பட்டபோது, தொலைதூரத்து இனவாதத்தை எதிர்த்த இப்பெருங்கூட்டம் எங்கே நின்றது என்பதே அது. மாவோரி அணியோ அதே ஸ்பிறிங்பொக் அணியுடன் நேப்பியரில் ஆடி 12க்கு 12 எனச் சமன் செய்தது. ஒரே சமூகத்தினுள்ளும் கோடு நேராக விழவில்லை.

ஆட்டப் பற்றினுள்ளேயே இரு அளவுகோல்கள் முரணி நிற்பதை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். 'எம் அணி' என்னும் விசுவாசம் ஒன்று; ஆட்டம் நேர்மையாக ஆடப்படல் வேண்டும் என்னும் நியாய உணர்வு மற்றையது. மல்டூன் முன்னையதை நோக்கிப் பேசினார். பின்னையதை நோக்கிப் பேச இடதுசாரிகளுட் பலர் முயலவில்லை, பேசியவர்கள் ஆட்டக்காரரே. ஓல் பிளாக்ஸ் அணியின் தலைவர் கிறஹாம் மூறி, 1981இல் ஸ்பிறிங்பொக் அணிக்கெதிராக ஆட மறுத்தார். அவரைக் 'கோழை' என்பது எளிதாக இருக்கவில்லை.

1985இல் ஓல் பிளாக்ஸ் தென்னாபிரிக்கா செல்லத் திட்டமிட்டபோது, அவ்வேளை ஆட்சியிலிருந்த தொழிற் கட்சி அரசு வேண்டியும் சங்கம் இணங்கவில்லை. றக்பிக் கழக உறுப்பினர்களான சட்டத்தரணிகள் இருவர் மேல் நீதிமன்றத்தை நாடினர். அவர்களது வாதம் இன ஒதுக்கலின் கொடுமை பற்றியதன்று. ஆட்டத்தை வளர்ப்பதே தனது நோக்கம் எனச் சங்கத்தின் சொந்த விதிகள் கூறுகின்றன. இப்பயணம் ஆட்டத்துக்குக் கேடு விளைவிக்கும் என்பதே வாதம். இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது, பயணம் கைவிடப்பட்டது. வீதியில் ஒன்றரை இலட்சம் பேரால் நிறுத்த முடியாதிருந்ததை, இரசிகனின் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு மனு நிறுத்தியது.

மறு ஆண்டு, தெரிவுசெய்யப்பட்டிருந்த முப்பதின்மருள் இருவர் தவிர்ந்த ஏனையோர் வேறொரு பெயரில் தென்னாபிரிக்கா சென்று ஆடினர். மறுத்து நின்ற அவ்விருவர் ஜோன் கேர்வனும் டேவிட் கேர்க்கும் ஆவர். 1987இல் முதலாவது உலகக் கிண்ணத்தை நியூசிலாந்து வென்றபோது அதனை ஏந்திய அணித்தலைவர் டேவிட் கேர்க்.