முறுக்குச் சுற்றும் மாகாணிக் கணக்கும்

சேலம் பக்கத்து ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது முறுக்கு. அரிசி மாவை விரல்களுக்கிடையே திருகிக்கொண்டே வட்டமாகச் சுற்றிப்போகும் கைமுறுக்குக்குச் சுற்றுதான் அளவு. மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று. மாவுக் கையின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் முன்பே ஒற்றைப்படை எண்ணைப் பார்த்துவிடுகிறது. அதற்கு அந்தப் பெயர் உண்டென்பதுதான் தெரியாது.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கணக்கு விரலிலும் நாக்கிலும் இருந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்வார்கள். எண்சுவடிதான் பாடம். அதில் முழு எண்ணைவிடப் பின்னத்துக்கு மரியாதை அதிகம். அரைக்கால் என்றால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னத்தைக் கண்டு மிரள்கிறது. அன்று எட்டு வயதுப் பையன் முந்திரி நான்கு சேர்ந்தால் காணி, காணி நான்கு சேர்ந்தால் மா என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். வெறும் மனப்பாடம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வள்ளத்திலும் படியிலும் உழக்கிலும் அளக்கிற சந்தைக்குப் போகும் பையனுக்கு அது பிழைப்புக்கான கணக்கு. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் இடமிருக்கவில்லை என்பதையும், பிரம்புக்கு ஓய்விருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

அந்த மணலுக்குக் கடல் தாண்டிய கதை ஒன்று உண்டு. எழும்பூர் அனாதை இல்லத்தை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளையே, நம் சட்டாம்பிள்ளைகளைப் போல, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை. நம் சட்டாம்பிள்ளை சீமைக்குப் போய்வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைவேலையைப் பாடமாக்கும் முயற்சி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர்தான் அதன் மூச்சு. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, பிள்ளைகள் கையில் தக்ளியைக் கொடுத்தது. நூற்பதில் நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். எண் பெரிதானால் பொருள் சிறிதாகும் என்பதை விளக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதே ராஜாஜி 1953-ல் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றபோது, ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்தது. மறு வருஷமே காமராஜர் அதைக் கைவிட்டார். சரியான முடிவு. தறிக்காரர் பிள்ளை தறியிலிருந்து கணக்குக் கற்பது வேறு, தறியோடு நின்றுவிடுவது வேறு. என்ன, அந்தச் சூட்டில் கைவேலை என்ற பேச்சே வகுப்பறைக்குள் ரொம்ப நாள் கூச்சத்தோடுதான் நுழைந்தது.

மாகாணியை விரட்டியது பள்ளிக்கூடமல்ல, காசு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை ஒரு மாகாணி என்பது சரியாக ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானதும், அணா ஆறேகால் பைசாவாகிக் கணக்கில் இடறியது. கிலோவும் லிட்டரும் பின்னாலேயே வந்தன. எங்கள் தலைமுறைக்கு மிஞ்சியது சிலேட்டு, பல்பம், மூலையில் ஓர் ஆணிமணிச் சட்டம், சாயங்காலம் கோரஸாக வாய்பாடு. ஆணிமணியைத் தொட வாத்தியாருக்கு மட்டுமே உரிமை.

பொருள்கள் பிள்ளைகள் கைக்கு வந்தது 2003-க்குப் பிறகு. ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து, சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, பாயில் கூடவே உட்காரும் ஆசிரியர். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. புளியங்கொட்டையும் குச்சியும் சோழியும் இப்போது அரசாங்கமே ஒப்புக்கொண்ட உபகரணங்கள்.

உலகமும் அதே பொருள்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரலாம். பல்லாங்குழியின் பதினான்கு குழியைக் காட்டினால், கானா நாட்டில் பன்னிரண்டு குழியில் ஆடும் ‘ஒவாரே’ பங்காளி வீடாகிவிடுகிறது. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, விரலை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்துக் கதை சொல்வார்கள். நம் கம்பிக் கோலத்தைப் பார்த்த பிள்ளை அதைப் பார்த்தால், ஆப்பிரிக்கா எங்கே என்று வரைபடத்தில் தானாகவே தேடும். கோலத்தின் இலக்கணத்தைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970-களிலேயே கணினி அறிவியல் ஆராய்ச்சியாக்கினார்கள்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். அட்டையில் ஆப்பிளும் பலூனும் இருக்கின்றன. ஆட்டையாம்பட்டியில்கூட அட்டையில் முறுக்கு இல்லை. ஒரு மூன்று சுற்று முறுக்கையும் ஐந்து சுற்று முறுக்கையும் வைத்து, எது எவ்வளவு நீளம் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்று கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். தறி நூல் ஒன்றைக் கொடுத்துச் சுற்றின்மேல் பதித்து அளக்கச் சொன்னால் வேறு கணக்கு வரும். வெளிச்சுற்று ஒவ்வொன்றும் உள்சுற்றைவிட நீளம். முதல் சுற்று ஒரு பங்கென்றால் அடுத்தது ஏறத்தாழ இரண்டு, அதற்கடுத்தது மூன்று. மூன்று சுற்றுக்கு 6 பங்கு, ஐந்துக்கு 15. இரண்டரை மடங்கு. மாவு பிடிக்கிற கைக்கு இது என்றோ தெரியும். ஏழு சுற்றுக்கு நூலே வேண்டாம், 28 என்று மூன்றாம் வகுப்பே கூட்டிச் சொல்லிவிடும். அதற்குள் ஐந்து சுற்று முறுக்கில் பாதி காணாமல் போயிருக்கும்.