தட்டைக் கூரைமீது கருவி மேடை

வானிலைக் கருவிகள், காற்றின் மாசினை அளக்கும் பொறிகள், சூரிய ஒளித் தகடுகள் முதலியன இன்று அலுவலகங்களின் மாடிகளிலும் பள்ளிகளின் மாடிகளிலும் இடம் பெற்றுள்ளன. இவற்றை அணுகிப் பார்வையிடவும் பழுதுபார்க்கவும் இரும்புச் சட்டத்தாலான மேடை அமைப்பது வழக்கம். அவ்வாறு அமைப்போர் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். மேடையின் எடையைத் தாங்குவது எது? காற்று அதனைக் கவிழ்க்காதவாறு பிடித்து நிறுத்துவது எது?

கண்ணுக்குத் தெரிவது கூரையன்று

தில்லியின் பழைய கட்டடங்கள் பலவற்றில், மாடியில் நாம் மிதிப்பது செங்கல் ஓடுகளையே. அவற்றின் கீழ், வைக்கோல் கலந்து திமிசு போட்ட மண் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்திற்கு இருக்கும். அதன் அடியில் தார்ப்பூச்சு. அதற்கும் அடியிலேதான் சுமை தாங்கும் கான்கிரீட் தளம். ‘மட் புஸ்கா’ எனப்படும் இம்முறை வெயிலின் வெம்மையைத் தடுக்க ஏற்பட்டது. சுமை தாங்க ஏற்பட்டதன்று. ஓட்டின்மேல் மேடையின் காலை ஊன்றினால் ஓடு விரியும், மண் அமிழும், மழைநீர் உட்புகும். மண்ணுக்குள் தங்கிய நீர் மெல்லக் கீழிறங்கித் தளத்தின் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். கீழறையில் ஈரக்கறை தோன்றும்போது கேடு முற்றியிருக்கும்.

சென்னையின் பழைய ‘மெட்ராஸ் டெரஸ்’ மாடிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. அங்கே சுமையை ஏற்பவை தேக்கு மரக்கட்டைகள். அவற்றின் இடைவெளிகளை அடைத்து நிற்கும் செங்கல் வரிசையின்மேல் கனத்த காலை ஊன்றலாகாது.

காற்றின் வலிமை

2022-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் தில்லியில் வீசிய கடுங்காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். இது ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். ஆயினும், இந்தியத் தர நிர்ணயத்தின் 875-ஆம் எண் விதித்தொகுப்பு, 1987-ஆம் ஆண்டுப் பதிப்பில், தில்லிக்கு அடிப்படை வேகமாகக் கொண்டது வினாடிக்கு 47 மீட்டர். அதாவது மணிக்கு 169 கிலோமீட்டர். சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் 169 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 கிலோகிராமாக, ஏறக்குறைய மும்மடங்காக, உயர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கருவிப் பெட்டியின் முகப்பரப்பு 1 சதுர மீட்டர். அதன் நடுப்புள்ளி மாடியிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேடையும் பெட்டியும் சேர்ந்து 240 கிலோகிராம். கால்களுக்கிடையே அகலம் 1.5 மீட்டர். கவிழ்க்கும் திருப்புத்திறன் 135 × 1.5, அதாவது சுமார் 200. எதிர்த்து நிற்பதோ 240 × 0.75, அதாவது 180. மேடை கவிழும். அகலத்தை 2 மீட்டராக்கி, எடையை 400 கிலோகிராமாக்கினால் எதிர்ப்பு 400 ஆகும், மேடை நிலைக்கும்.

ஆனால் கூட்டிய எடையைக் கூரையன்றோ சுமக்கவேண்டும்! காற்று வீசுகையில் எதிர்ப்புறக் கால்கள் ஒவ்வொன்றிலும் 100 கிலோகிராமாக இருந்த சுமை 150 ஆகிறது. மக்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் ஏற்றச் சுமை, ஒரு சதுர மீட்டர் முழுவதிலும் பரவிய 150 கிலோகிராமே. அதே சுமை 10 சென்டிமீட்டர் சதுரத் தகட்டில் குவிந்தால் அழுத்தம் நூறு மடங்காகிறது.

நிலைநிறுத்தும் முறை

ஆகவே கால்களைத் தூண், உத்தரம் அல்லது சுமைதாங்கும் சுவர் ஆகியவற்றின் நேர்மேலே அமைத்தல் வேண்டும். அவ்விடத்து ஓட்டையும் மண்ணையும் அகற்றி, கான்கிரீட் தளத்தின்மீதே திண்டு எழுப்பி, அதில் பதித்த போல்ட்டுகளால் காலைப் பிணைக்கலாம். நீர்காப்புப் பூச்சினைத் திண்டின் பக்கங்களில் குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலேற்றி முடிக்கவேண்டும். தளத்தில் துளையிடுமுன் கம்பிகள் செல்லும் இடத்தைக் கட்டடப் பொறியாளர் உறுதிசெய்தல் இன்றியமையாதது. மணல் மூட்டைகளை நம்புவது தவறு. வெயிலில் சாக்கு நைந்து மணல் சொரிந்துவிடும், பாரமும் குறைந்துவிடும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் இழுப்பு மிகுதியாதலால் மேடையை உள்வாங்கி அமைப்பதே நன்று. பணியாளர் விழாதிருக்க 1 மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பியும் வேண்டும்.

கோடைப் புழுதிக்காற்றுக்கு முன் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்தபின் ஒரு முறையும் மேடையைச் சோதித்தல் நலம். போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, திண்டைச் சுற்றி விரிசல் உண்டா, நீர் தேங்குகிறதா என்பவற்றை மாடியில் பார்த்தபின், கீழிறங்கி அறையின் கூரையடியையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்கவேண்டும். மேடை நன்கு நிற்கிறதா என்பதற்கு இறுதிச் சான்று அங்கேயே உள்ளது.