1200 எம்எம் ஜூம்: பெட்டியில் உள்ள எண் சொல்லாதது

பாகலூர் பக்கத்து ஏரிப் பறவைகளை எடுக்க நான் வைத்திருப்பது 2012ல் வெளியான கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்50 கேமரா. எடை சுமார் 600 கிராம். ஜூம் 1200 எம்எம் வரை போகும் என்பார்கள். இதே கேனான் 1993ல் வெளியிட்ட நிஜமான 1200 எம்எம் எஃப் 5.6 லென்ஸின் எடையோ 16.5 கிலோ! ஒரே எண், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

குவியத் தூரத்தை லென்ஸின் திறப்பால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 1200ஐ 5.6ஆல் வகுத்துப் பாருங்கள், 214 மி.மீ. வரும். அதாவது முன்கண்ணாடியே ஒரு டிபன் தட்டு அகலம். இவ்வளவு நீண்ட லென்ஸில் சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்தில் குவிந்து, படத்தின் ஓரங்களில் ஊதா படரும். அதைத் தடுக்க இரண்டு ஃப்ளோரைட் படிக லென்ஸ்களைச் சேர்த்தார்கள். அந்தப் படிகத்தை உலையில் மிக மெதுவாக வளர்க்க வேண்டும். எனவே ஆர்டர் கொடுத்தால் மட்டுமே தயாரித்தார்கள். 2021ல் ஜெர்மனியில் இந்த லென்ஸ் ஒன்று 5 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. (நம் காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கியில் ஒளியைக் குவிப்பது 2.34 மீட்டர் ஆடி. ஆடியில் நிறம் பிரியாது!)

என் கேமராவின் நிஜக் குவியத் தூரம் 215 மி.மீ. மட்டுமே. சென்சார் விரல் நகத்தை விடச் சிறியது. அதனால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவாகி, 1200க்குச் சமமாகத் தெரிகிறது. முழு ஜூமில் எஃப் 6.5, திறப்பு 33 மி.மீ. ஒளி நுழையும் பரப்பு பெரிய லென்ஸில் நாற்பதில் ஒரு பங்குதான். வெயிலில் கொக்கு அருமையாக வரும். இருட்டும் நேரத்தில் சானமாவு காட்டோரம் யானையை எடுத்தால் படமெல்லாம் புள்ளிதான். கடையில் எம்எம் மட்டும் கேட்காதீர்கள். சென்சார் அளவையும், முழு ஜூமில் எஃப் எண் என்ன என்பதையும் கேளுங்கள்.